ஜன்னல் பக்கமா, கதவுப் பக்கமா

ஹூஸ்டன் பக்கத்துச் சுகர் லேண்டில் நான் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்த அறையில் இப்போது கவிதா இருக்கிறாள். மே மாதம் நான் ஓய்வு பெற்றேன். ஆகஸ்டில் அவள் சேர்ந்தாள். திருநெல்வேலிக்காரி, சென்னையில் படித்தவள், என்னை அங்கிள் என்று கூப்பிடுகிறாள். போன வாரம் ஃபோன் செய்தாள்.

"அங்கிள், இந்த வருஷம் டேப்லட் குடுத்திருக்காங்க. ஏர் பிரஷர் லெசன் ஃபுல்லா அதுலயே இருக்கு. தொட்டா கேன் நசுங்குது. திரும்பத் தொட்டா திரும்ப நசுங்குது."

"நல்லதுதானே?"

"ஒரு தடவைகூட நசுங்காம போறதில்ல, அதான் அங்கிள் பிரச்சினை. பசங்க பாத்துட்டு 'ஓகே'ன்னு சொல்லிட்டு அடுத்த பேஜுக்குப் போயிடறாங்க. உங்க சாமானெல்லாம் அலமாரியில அப்படியே இருக்கு. எடுத்து டெமோ பண்ணலாமான்னு பாக்கறேன். ஒரே பயம்தான். ஃபெயில் ஆச்சுன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பெல் அடிக்கும்" என்றேன்.

அது முழுப் பதில் இல்லை என்பது ஃபோனை வைத்த பிறகு தெரிந்தது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் ஆசிரியர் வேலைக்குப் படித்தவன் அல்ல. கல்லூரியில் இயற்பியல் எடுத்தேன். அதன் பிறகு கோயமுத்தூரில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்தேன். மற்றவர்கள் எழுதிய வாக்கியங்களைக் குறைப்பது என் வேலை. என் மனைவி சரோஜாவுக்கு ஹூஸ்டன் மருத்துவமனை ஒன்றில், தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் வேலை கிடைத்தது. கூட வந்தேன். வேலை பார்க்க அனுமதி வரும்வரை வீட்டில் இருந்தேன். கார் ஓட்டவும் ரசம் வைக்கவும் கற்றுக்கொண்டேன். அனுமதி வந்ததும் ஆசிரியர் தகுதிக்கான மாலை வகுப்பில் சேர்ந்து பாஸ் செய்தேன். பள்ளி திறக்கும் வாரத்தில் இங்கிருந்த அறிவியல் ஆசிரியர் ஓர் எண்ணெய்க் கம்பெனிக்குப் போய்விட்டார். ஆள் தேடினார்கள், நான் இருந்தேன். பழனிச்சாமி என்ற பெயரைச் சொல்லிப் பார்த்துவிட்டு முதல் நாளே பிள்ளைகள் என்னை மிஸ்டர் பி ஆக்கினார்கள்.

ஒரு வருட ஒப்பந்தம். வருட முடிவில் புதுப்பிப்பார்கள், அல்லது மாட்டார்கள். நாற்பது வயதைத் தாண்டி, ஒரே வருடம் வேலை பார்த்து, புதுப்பிக்கப்படாமல் வெளியே வந்தவனை இன்னொரு பள்ளி எடுக்காது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லும்படியான விஷயமும் இல்லை.

அந்த வருடம் நான் முதலில் கண்டுகொண்டது இது. காற்றுக்கு எடை உண்டு என்று சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் ஒப்புக்கொள்வார்கள். அது தங்கள் தலைமேல் இருக்கிறது என்று சொன்னால் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். புத்தகத்தில் படம் இருக்கிறது, அம்புக்குறி இருக்கிறது. அம்புக்குறியை அப்படியே வரைந்து மார்க் வாங்கிவிடுவார்கள். நம்பமாட்டார்கள்.

அதனால் ஒரு முறை வைத்துக்கொண்டேன். சாமான்களை மேசைமேல் வைப்பேன். என்ன செய்யப்போகிறேன் என்று சொல்வேன்; என்ன நடக்கும் என்று சொல்லமாட்டேன். பலகையில் இரண்டு பதில்கள் இருக்கும். முதல் பதிலை நம்புகிறவர்கள் ஜன்னல் பக்கம் போய் நிற்க வேண்டும். இரண்டாவதை நம்புகிறவர்கள் கதவுப் பக்கம். எழுதச் சொன்னால் பிறகு அழித்துத் திருத்துவார்கள். கை தூக்கச் சொன்னால் பக்கத்து ஆளைப் பார்த்துத் தூக்குவார்கள். கால் நகர்ந்தால் நகர்ந்ததுதான். எல்லோரும் நின்ற பிறகே செய்து காட்டுவேன். தப்பான பக்கம் நின்றதற்கு மார்க் குறையாது. சரியான பக்கம் நின்றதற்கு மார்க் கிடையாது.

முதல் டெமோ செய்தித்தாளை வைத்து. ஒரு தட்டையான மரக்குச்சியை, பாதி மேசைமேலும் பாதி வெளியே நீட்டிக்கொண்டும் இருக்கும்படி வைக்க வேண்டும். மேசைமேல் உள்ள பாதியை விரித்த செய்தித்தாளால் மூடி, அடியில் காற்று தங்காமல் நன்றாகத் தடவிவிட வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் ஓங்கி ஓர் அடி. தாள் பறக்குமா, குச்சி முறியுமா? எல்லோரும் தாள் பறக்கும் என்றார்கள். குச்சி முறிந்தது. தாள் அசையவில்லை, அதன் பரப்பு முழுவதையும் மேலிருந்து காற்று அழுத்திக்கொண்டிருக்கிறது. செய்தித்தாளுக்கு இவ்வளவு பலம் உண்டு என்பதை அதில் வேலை பார்த்த காலத்தில் நான் உணர்ந்ததில்லை.

மார்கஸ் என்ற பையன் கிட்டே வந்து தாளைத் தொட்டுப் பார்த்தான்.

"மிஸ்டர் பி, இத எதுக்கு யூஸ் பண்ணுவாங்க?"

"படிக்க."

"முழுசுமா?" என்று கேட்டு, திருப்பி மறுபக்கமும் பார்த்தான்.

பள்ளிக்கூடத்து அளவுகோல்கள் எல்லாம் தீர்ந்தபின், பெயின்ட் கலக்கும் குச்சிகளுக்கு மாறினேன். ஹார்டுவேர் கடையில் சும்மா கொடுப்பார்கள். நான்காவது முறை போனபோது கல்லாவில் இருந்தவர், எத்தனை வீட்டுக்கு பெயின்ட் அடிக்கிறீர்கள் என்று விசாரித்தார்.

அடுத்தது பிளஞ்சர். குளியலறை அடைப்பெடுக்கும் ரப்பர் பிளஞ்சர் இரண்டை வாய்க்கு வாய் வைத்து அழுத்தி, ஆளுக்கு ஒரு பிடியாக இழுக்கச் சொன்னால் பிரிக்க முடியாது. அதற்கு அடுத்தது சோடா கேன். கேனில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மின் அடுப்பில் கொதிக்கவைத்து, இடுக்கியால் எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் தலைகீழாக வைத்தால் யாரோ மிதித்ததைப் போல நசுங்கும். இது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்திருந்தது. மூன்றாவது பீரியடில் ஒரு கேனில் தண்ணீர் வற்றிப்போய் அதன் பெயின்ட் கருகியது. புகை அலாரம் அடித்தது. மொத்தப் பள்ளியும் மைதானத்தில், டெக்சஸ் செப்டம்பர் வெயிலில், தீயணைப்பு வண்டி வந்து போகும்வரை நின்றது. மின் அடுப்பைப் பறித்துக்கொண்டார்கள். பறிக்க வந்தவர் மிஸ் ஹாலிஸ்.

மிஸ் ஹாலிஸ் துணைத் தலைமையாசிரியர். புது ஆசிரியர்களை மதிப்பிடுவது அவர் பொறுப்பு. அதற்கு முன்பு பெண்கள் சாஃப்ட்பால் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர். இடுப்பில் பள்ளிக்கூடத்தின் எல்லாச் சாவிகளும் ஒரே வளையத்தில் தொங்கும். நடக்கும்போது அந்தக் கொத்தைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அதனால் அவர் வருவது யாருக்கும் கேட்காது. வகுப்பில் உட்கார மாட்டார். பின்சுவரில் சாய மாட்டார். ஆசிரியரைப் பார்க்கவும் மாட்டார், பிள்ளைகளைத்தான் பார்ப்பார். பெல் அடித்ததும் வாசலில் நின்று ஒரே ஒரு பிள்ளையை நிறுத்தி, ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "உள்ளே வரும்போது உன்னிடம் இல்லாத எது இப்போது உன்னிடம் இருக்கிறது?"

அந்தப் பதில்தான் மதிப்பீடு. ஆசிரியர் அந்த ஒரு மணி நேரம் என்ன பாடுபட்டார் என்பது கணக்கில் இல்லை.

அக்டோபரில் முதல் முறை வந்தபோது மார்கஸை நிறுத்தினார். அவன் யோசித்துவிட்டு, "பாத்ரூம் பாஸ்" என்றான். வகுப்பு நேரத்தில் பாத்ரூம் போக நாங்கள் கொடுக்கும் அனுமதி அட்டை அது. அவர் தலையை ஆட்டி அதை அப்படியே எழுதிக்கொண்டார். ஜனவரியில் இரண்டாவது முறை. ஒரு வியட்நாமியப் பெண்ணை நிறுத்தினார். "காத்து தள்ளும்" என்றாள் அவள். "எதை?" என்று கேட்டார் மிஸ் ஹாலிஸ். அவள் என்னைப் பார்த்தாள். அதுவும் எழுதப்பட்டது.

இனி நிலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிலா செந்தில்குமார். எல்லாத் தேர்விலும் முழு மார்க். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். ஜன்னல் பக்கமா, கதவுப் பக்கமா என்று நான் சொன்னதும் எல்லோரும் நகர்வார்கள். நிலா பென்சில் சீவப் போய்விடுவாள். சீவும் கருவி பின்சுவரில், ஜன்னலுக்கும் கதவுக்கும் சரியாக நடுவில் மாட்டியிருந்தது. டெமோ முடியும்வரை சீவுவாள். முடிந்து, எந்தப் பக்கம் சரி என்று தெரிந்தபிறகு வந்து உட்கார்ந்து, சரியான பதிலை எழுதுவாள். வகுப்பிலேயே மிகக் குட்டையான பென்சில்கள் அவளுடையவை. நான் முதலில் கவனிக்கவில்லை. கவனித்த பிறகும் என்ன செய்வது என்று தெரியவில்லை. பென்சில் சீவக்கூடாது என்று ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

அவள் அப்பா செந்தில்குமாரை ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பார்க்கிங்கில் சந்தித்தேன். எண்ணெய்க் கம்பெனியில் பைப்லைன் இன்ஜினியர். பிப்ரவரி மாதம். அவரே வந்து பேசினார்.

"சார், நீங்க கோயமுத்தூர்ங்களா? நாங்க கரூருங்க."

"பக்கம்தான்."

"தப்பா எடுத்துக்காதீங்க சார். பாத்ரூம் பிளஞ்சர வெச்சு க்ளாஸ்ல ரெண்டு பேரு இழுத்து விளையாடறாங்க, தான் ஒண்ணும் செய்யறதில்லன்னு பாப்பா சொன்னா."

"புது பிளஞ்சர்தானுங்க."

"அதில்ல சார். ஃபார்முலா எப்ப வரும்?"

"எட்டாவதுல."

"அதுவரைக்கும்?"

"காத்துதான்."

அவர் சிரிக்கவில்லை. "நான் தெனமும் ஆபீஸ்ல பிரஷர்தான் சார் பாக்கறேன். ஒரு நாளும் பிளஞ்சர் தேவப்பட்டதில்ல. பாப்பாவுக்கு ஏழாவதுலயே பேஸ் ஸ்ட்ராங்கா போடணும். நம்ம ஆளுங்கறதால உங்ககிட்ட சொல்லிட்டுச் செய்யறேன். இல்லேன்னா நேரா பிரின்சிபாலுக்கே மெயில் பண்ணியிருப்பேன். மிஸ் ஹாலிஸுக்குத்தான் பண்ணப்போறேன்."

நன்றி சொன்னேன்.

அந்த வாரமே மிஸ் ஹாலிஸ் என் அறை வாசலில் நின்றார். வந்த சத்தம் கேட்கவில்லை.

"டெமோ நடக்கும்போது தன் மகள் ஒன்றும் செய்வதில்லை என்று ஒரு அப்பா சொல்கிறார். உண்மையா?"

"பென்சில் சீவுகிறாள்."

"எவ்வளவு நேரம்?"

"செப்டம்பரிலிருந்து."

அவர் கொஞ்ச நேரம் சீவும் கருவியைப் பார்த்தார். "இன்னும் ஒரு முறை வருவேன். எப்போது என்று சொல்ல மாட்டேன். வாசலில் அந்தப் பெண்ணைத்தான் நிறுத்துவேன். அதை வைத்து உங்களை என்ன செய்வது என்று முடிவு செய்கிறேன்."

ஆக, என் வேலை நிலாவின் ஒரு வாக்கியத்தில் இருந்தது. அவளோ, சரியான பதில் தெரியும்வரை வாய் திறக்காத பெண்.

நெருப்பு இல்லாமல் செய்யக்கூடிய டெமோ ஒன்று வேண்டியிருந்தது. அது என் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்தது. நம் வீடுகளில் மட்டும் நடக்கும் ஒரு தப்பு உண்டு. ரசமோ சாம்பாரோ மீந்தால் ஆறவிடாமல் எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி, மூடியை அமுக்கி, அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவோம். காலையில் மூடியைத் திறக்க முடியாது. உள்ளே இருந்த ஆவி குளிர்ந்து தண்ணீராகிவிடும். உள்ளே அழுத்தம் குறைந்துவிடும். வெளிக்காற்று மூடியை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிளாஸ்டிக் டப்பா வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இந்த அனுபவம் கிடைப்பதில்லை.

ஒரு நாள் காலை அப்படி ஒரு டப்பாவை நான் பிடித்துக்கொள்ள சரோஜா மூடியை இழுத்தாள். பிறகு அவள் பிடித்துக்கொள்ள நான் இழுத்தேன்.

"ஏனுங்க, ஐ.சி.யூ.வுல வென்டிலேட்டரே மாத்தறேன். இந்தச் சனியன் மூடியத் தொறக்க முடியலீங்க."

சுடுதண்ணீர்க் குழாயடியில் காட்டினேன். திறந்துகொண்டது. ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு டப்பாவைக் கழுவி என் பைக்குள் வைத்தேன்.

"அத எங்க கொண்டு போறீங்க?"

"க்ளாஸுக்கு."

"என்ற கல்யாணச் சீர்ல வந்தது, பேரு வெட்டியிருக்குது. கொண்டு போறது பெருசில்லீங்க. கொண்டு வரோணும்."

மிஸ் ஹாலிஸ் மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை வந்தார். பலகையில் கேள்வியை எழுதிவிட்டுத் திரும்பினேன், பின்னால் நின்றிருந்தார்.

ஸ்டாஃப் ரூம் காஃபி மெஷினிலிருந்து சுடுதண்ணீரை ஒரு ஃபிளாஸ்க்கில் பிடித்து வைத்திருந்தேன். ஒரு வாளியில் ஐஸ். டப்பாவில் சுடுதண்ணீர் ஊற்றி, ஆவி நிறைந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு மூடி, ஐஸில் வைக்கப் போகிறேன் என்று சொன்னேன். வகுப்பில் பலசாலிகளான இரண்டு பேரால் மூடியைத் திறக்க முடியுமா? முடியும் என்றால் ஜன்னல் பக்கம். முடியாது என்றால் கதவுப் பக்கம்.

டப்பாவுக்குள் ஏதாவது இருந்தால்தான் திறக்க ஆசை வரும். சாக்லேட் போடலாம் என்றிருந்தேன். அறிவியல் அறையில் உணவுப் பொருள் கூடாது என்ற அறிவிப்பு மிஸ் ஹாலிஸின் கையெழுத்துடன் என் தலைக்கு மேலேயே ஒட்டியிருந்தது. மேசையில் தேடி ஒரு மார்க்கர் பேனாவை எடுத்தேன். வகுப்பு என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

அப்போது மிஸ் ஹாலிஸ் முன்னால் நடந்து வந்தார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றி என் கையில் வைத்தார். "இதைப் போடுங்கள்" என்றார். மறுத்திருக்க வேண்டும். போட்டேன்.

ஏறக்குறைய எல்லோரும் ஜன்னல் பக்கம் போனார்கள். நிலா பென்சில் சீவப் போனாள். டப்பா ஐஸில் இருக்கும்போதே மூடியின் நடுப்பகுதி மெல்லக் குழிந்து உள்ளே போனது. அதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. டைலரும் மார்கஸும், இருவரும் ஃபுட்பால் ஆடுகிறவர்கள், ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். டைலரின் முகம் சிவந்தது. மூடி வரவில்லை. உள்ளிருந்து யாரும் இழுத்துப் பிடிக்கவில்லை, வெளியிலிருந்து காற்று அமுக்குகிறது, ஒரு பெரிய ஆள் மூடிமேல் ஏறி நிற்பதைப் போல, என்று சொன்னேன். தலைகள் ஆடின. அதுவரை நான் செய்த டெமோக்களில் அதுதான் சிறந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் சாவி உள்ளே இருந்தது.

இரண்டாவது கேள்வி: மீதிச் சுடுதண்ணீரை மூடிமேல் ஊற்றினால் திறக்குமா? மேசையைச் சூழ்ந்திருந்தவர்கள் மறுபடி ஜன்னல் பக்கம் ஓடினார்கள். நானும் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். ஆசிரியர் நிற்கக்கூடாது, அன்று நின்றுவிட்டேன். கதவுப் பக்கம் மார்கஸ் மட்டும் நின்றான். பாத்ரூமுக்கு அதுதான் வழி என்பது அவன் கணக்கு. நடுவில் பென்சில் சீவும் சத்தம் கேட்டது.

"கண்ணு" என்றார் மிஸ் ஹாலிஸ். அவர் சொன்ன சொல் 'ஹனி', டெக்சஸில் பெரியவர்கள் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அந்தப் பென்சிலில் இனி சீவ ஒன்றுமில்லை."

நிலா கையைப் பார்த்தாள். ரப்பரும் அதைப் பிடித்திருக்கும் தகரமும்தான் மிச்சம். ஜன்னலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிறகு நான் நின்ற இடத்துக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். ஆசிரியர் நிற்கும் பக்கம் தப்பாக இருக்க வழியில்லை.

ஊற்றினேன். குழிந்திருந்த மூடி 'டொப்' என்று மேலே எழும்பியது. ஜன்னல் பக்கம் கைதட்டியது. மூடியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. டைலர் இழுத்தான். வரவில்லை. நானும் டைலரும் சேர்ந்து இழுத்தோம்.

"நான் ஜெயிச்சுட்டேன். பாத்ரூம் போலாமா?" என்றான் மார்கஸ்.

நிலாவின் காது மடல்வரை சிவந்திருந்தது.

"நீங்க இந்தப் பக்கம்தான நின்னீங்க, மிஸ்டர் பி?"

"ஆமா."

"நீங்க டீச்சர்."

"ஆமா."

"அப்போ தொறக்கணுமே!"

"தொறக்கல" என்றேன்.

அவள் மேசைக்கு வந்து மூடியின் நடுவை விரலால் அமுக்கினாள். விட்டாள். அமுக்கினாள். "இது மேல வந்துடுச்சு. அப்படின்னா காத்து இப்ப அமுக்கல. அப்புறம் எதுதான் இதப் புடிச்சு வெச்சிருக்கு?"

நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. பெல் அடித்தது.

வாசலில் மிஸ் ஹாலிஸ் நிலாவை நிறுத்தினார். நான் பலகையை அழித்தேன். ஏற்கெனவே அழித்திருந்த பகுதியையும் அழித்தேன்.

"உள்ளே வரும்போது உன்னிடம் இல்லாத எது இப்போது உன்னிடம் இருக்கிறது?"

"ஒரு கேள்வி" என்றாள் நிலா.

"என்ன கேள்வி?"

"அந்த மூடிய எது புடிச்சிருக்குன்னு."

"பதில் தெரியுமா?"

"தெரியாது." என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அவருக்கும் தெரியாது."

மிஸ் ஹாலிஸ் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. மேசைக்கு வந்து டப்பாவை எடுத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போனார். நடக்க நடக்க உள்ளே சாவிகள் குலுங்கின. அன்று காலை முழுவதும் அவர் எந்தத் தாழ்வாரத்தில் வருகிறார் என்பது பள்ளி முழுவதற்கும் கேட்டது. பக்கத்து அறை வரலாற்று ஆசிரியர் என்னிடம் வந்து, இது நிரந்தரமான ஏற்பாடா என்று ரகசியமாகக் கேட்டார்.

மதிய இடைவேளையில் நடந்ததை மிஸ் ஹாலிஸே பிறகு சொன்னார். நிலா அவர் அறைக்குத் தானாகப் போனாளாம். அந்த அறைக்குத் தானாகப் போகும் பிள்ளைகள் கிடையாது. மூடியைச் சூடாக்கி, டப்பாவின் அடியை ஐஸில் வைத்தால் மூடி விரிந்து வந்துவிடும் என்றாளாம். சொல்லிவிட்டு, "நீங்க எந்தப் பக்கம்? ஃபைல் அலமாரிப் பக்கமா, ஜன்னல் பக்கமா?" என்று கேட்டு அவரையும் நிற்க வைத்திருக்கிறாள். மிஸ் ஹாலிஸ், திறக்காது என்ற பக்கம் நின்றார். திறக்கவில்லை. அன்றைக்கு நிலாவுக்கு இரண்டாவது தப்பு அது. போய்விடுவாள் என்று அவர் நினைத்தார். அவள் போகவில்லை. டப்பாவைக் கண்ணுக்கு நேரே தூக்கி, மூடியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு மேசையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்து, விளிம்பைக் கீழிருந்து மேலாகத் தட்ட ஆரம்பித்தாள். இங்கே ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று, டப்பாவைத் திருப்பி இன்னொன்று. மிஸ் ஹாலிஸ் மறுபடியும், திறக்காது என்ற பக்கமே நின்றார். மூடி எகிறிச் சுவரில் போய் அடித்தது.

"ஒருத்தர் மூடிமேல ஏறி நின்னார்னு மிஸ்டர் பி சொன்னார். சுடுதண்ணி ஊத்தினதும் அவர் எறங்கிட்டார். ஆனா அவர் நின்னப்போ மூடி கீழ எறங்கி டைட்டாயிடுச்சு. அவர் எறங்கிட்டாருங்கறதுக்காக மூடி தானா மேல வருமா?" என்று நிலா விளக்கியிருக்கிறாள்.

அதுதான் பதில். காற்று தன் வேலையை முடித்துக்கொண்டு விலகிவிட்டது. அதற்குப் பிறகு பிடித்திருந்தது உராய்வு. வீட்டில் ஃப்ரிட்ஜ் மெதுவாகக் குளிரவைத்தது, வகுப்பில் ஐஸ் சட்டென்று குளிரவைத்தது. மூடி இன்னும் ஆழமாக இறங்கிவிட்டது. இது எனக்குத் தோன்றியபோது பள்ளி முடிந்து, கார்கள் போய்க்கொண்டிருந்தன. அந்த நேரத்தில்தான் மிஸ் ஹாலிஸ் வந்து டப்பாவை என் மேசைமேல் வைத்தார். வந்த சத்தம் கேட்கவில்லை. சாவிகள் கைக்குள் இருந்தன.

"இதில் வெட்டியிருப்பது யார் பெயர்?"

"என் மனைவி பெயர்."

"விளிம்பு முழுவதும் நசுங்கியிருக்கிறது. மன்னிக்கச் சொல்லுங்கள்."

"சொல்கிறேன்."

"அந்தப் பெண் சாப்பிடவில்லை. எனக்கும் சாப்பாடு போயிற்று." சீவும் கருவியைப் பார்த்தார். "இத்தனை வருடமாக வாசலில் கேட்கிறேன். பாதிப் பேர் எனக்குப் பிடித்த பதிலைச் சொல்வார்கள். மீதிப் பேர் பாத்ரூம் பாஸ் என்பார்கள். அந்த அப்பாவுக்கு நான் பதில் எழுதிக்கொள்கிறேன். அடுத்த வருடம் வருவீர்கள் அல்லவா?"

"கூப்பிட்டால் வருவேன்."

"கூப்பிடுகிறேன்" என்றார். வாசல்வரை போய்த் திரும்பினார். "மின் அடுப்பு கிடையாது."

சரோஜா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏனுங்க, இதுக்கு மேல யானை ஏறுச்சுங்களா?" என்றாள். வேலை நிலைத்த செய்தியை அதற்குப் பிறகுதான் சொன்னேன். அந்த டப்பா இப்போதும் எங்கள் வீட்டில் இருக்கிறது. மூடி முன்போல இறுக மூடுவதில்லை. கடுகு போட்டு வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை செந்தில்குமார் ஃபோன் செய்தார்.

"சார், செந்தில் பேசறேன். நிலா அப்பா."

"சொல்லுங்க."

"வீட்ல இருக்கற எவர்சில்வர் டப்பா எல்லாத்துலயும் சுடுதண்ணி ஊத்திக் கொட்டி, மூடி, ஐஸ்ல வெச்சுட்டா சார். ஒண்ணுக்குள்ள என் ஆபீஸ் பேட்ஜ் இருக்கு. காலையில அது இல்லாம கேட்டத் தாண்ட முடியாது."

"தொறக்க அவளுக்குத் தெரியுமே?"

"தெரியுமாம் சார். ஆனா அதுக்கு முன்னாடி எல்லாரும் எந்தப் பக்கம்னு சொல்லணுமாம். தொறக்கும்னா ஃப்ரிட்ஜ் பக்கம், தொறக்காதுன்னா சிங்க் பக்கம். அவங்கம்மா டக்குனு ஃப்ரிட்ஜ் பக்கம் போயிட்டா."

"நீங்க எந்தப் பக்கம்?"

"நடுவுல நிக்கறேன் சார். அதான் உங்களுக்கு ஃபோன் பண்ணேன்."

பின்னாலிருந்து நிலாவின் குரல் கேட்டது: "அப்பா! நோ காலிங்! ஜஸ்ட் பிக் எ சைட்!"

"நீங்க தெனமும் பிரஷர் பாக்கறவராச்சே?" என்றேன்.

"அதனாலதான் சார் யோசிக்கறேன்." குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்லி தப்பாப் போச்சுன்னா?"

"கையில பென்சில் எதாச்சும் இருக்குங்களா?"

"இல்லையே சார். எதுக்குங்க?"

"சும்மா கேட்டேன். அவ எதை வெச்சுத் தொறக்கப் போறா?"

"ஸ்டேப்ளர் வெச்சிருக்கா சார். ஸ்டேப்ளர்ல எப்படி சார் தொறக்கும்?" பிறகு பெருமூச்சு. "சரி. நான் சிங்க் பக்கம் போறேன்."

செருப்பு தரையில் உரசி நகரும் சத்தம் கேட்டது. பிறகு தகரத்தில் தட்டும் சத்தம். ஒரு பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று. அவர் நின்றது தப்பான பக்கம். நான் சொல்லவில்லை. அவர் ஃபோனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.